மார்பு எக்ஸ்ரே காகிதத்தில் இருந்த அந்த இன்னொரு வரி
(தோட்டப்புறத் தாய்மார்கள் கவனத்திற்கு)

தோட்டத்துப் பெண்களிடம் சங்க வேலையாகப் பேசப் போனால் சம்பளம், வேலை நாள், ஒழுகும் கூரை, பிள்ளைகளின் பள்ளி பஸ் என்று எல்லாவற்றையும் பேசுவோம். மார்பைப் பற்றி மட்டும் பேசியதில்லை. ஆம்பிளை எப்படிப் பேசுவது என்று நாமும் ஒதுங்கியிருந்தோம். அவர்களும் வாய் திறந்ததில்லை. இதை எழுத உட்கார்ந்தபோதுகூட நமக்குக் கை கூசியது உண்மை. "நீங்க கூச்சப்பட்டு எழுதாம விட்டா யாருக்கு நட்டம்?" என்று வீட்டில் கேட்ட பிறகுதான் பேனாவை எடுத்தோம்.

சில மாதங்களுக்கு முன் வட சிலாங்கூரில் ஒரு செம்பனைத் தோட்டத்திற்குப் போயிருந்தோம். அங்கே ஐம்பத்திரண்டு வயது அக்காள் ஒருவர். இள வயதில் பால் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு உரம் போட்டும் உதிரிப்பழம் பொறுக்கியும் உழைத்தவர். சங்கக் கூட்டம் என்றால் முதல் ஆளாக வந்து முன் வரிசையில் உட்காருவார். அன்று அவர் தலையில் துணி கட்டியிருந்தார். முடி கொட்டிப் போயிருந்தது. புற்றுநோய்க்கு மருந்து ஏறிக்கொண்டிருந்த சமயம்.

"வாங்க தம்பி, உக்காருங்க. உங்ககிட்ட ஒரு பேப்பரக் காட்டணும்" என்றார். அலமாரியில் புடவைகளுக்கு அடியில், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களோடு பத்திரமாக வைத்திருந்த ஒரு பெரிய உறையை மகள் எடுத்து வந்தாள்.

அக்காள் சொன்னதை அப்படியே தருகிறோம். "அந்த வருசம் சொக்சோவுல சீட்டு வந்துச்சு தம்பி. மவதான் டவுனுக்குக் கூட்டிக்கிட்டுப் போச்சு. மார அமுக்கிப் படம் புடிச்சாங்க. ரெண்டு வாரம் கழிச்சுப் பேப்பர் வாங்கப் போனப்ப, கவுண்டர்ல இருந்த பொண்ணு 'ஓகே ஆன்ட்டி, நார்மல்'னு சொல்லிக் குடுத்துச்சு. நானும் சாமியக் கும்புட்டுட்டு உள்ள வெச்சிட்டேன்."

எட்டு மாதம் கழித்து ஒரு நாள் குளிக்கும்போது இடது மார்பின் ஓரத்தில், கக்கத்துப் பக்கமாக, கொட்டைப் பாக்கு அளவில் என்னவோ கையில் தட்டுப்பட்டிருக்கிறது. வலி இல்லை. "பேப்பர்லதான் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்களே, அப்புறம் எதுக்கு மறுபடியும் ஒரு நாள் வேலைய விட்டுட்டு ஓடறதுன்னு இருந்துட்டேன்." அப்படி இருந்தது ஐந்து மாதம். தோல் உள்ளே இழுத்துக் குழி விழுந்ததை மகள் பார்த்துவிட்டு அரசாங்கக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம். ஸ்கேன், பிறகு ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதனை. இரண்டாம் கட்டப் புற்றுநோய் என்றார்கள். அறுவை நடந்தது.

உறைக்குள் இருந்த காகிதத்தை வாங்கிப் பார்த்தோம். கடைசி வரியில் புற்றுநோய்க்கான அறிகுறி காணப்படவில்லை என்று இருந்தது. அதற்குச் சற்று மேலே இன்னொரு வரி. மார்புத் திசு அடர்த்தியாக இருக்கிறது, இதனால் சிறிய கட்டிகள் மறைந்திருக்கக் கூடும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மகள் அந்த வரியில் விரலை வைத்து, "மாமா, இந்த 'டென்ஸ்'னா என்னா? ஆஸ்பத்திரி டாக்டர் பழைய பேப்பரக் கொண்டாரச் சொல்லி இதத்தான் மொதல்ல படிச்சாரு" என்று கேட்டாள்.

நமக்கும் தெரியவில்லை. தோட்டப் பள்ளியில் படித்த நமக்கு அந்த ஆங்கிலம் எங்கே புரியும்? விவரம் தெரிந்த ஒரு டாக்டரம்மாவிடம் இரண்டு முறை போய் உட்கார்ந்து, கேட்டு, எழுதிக்கொண்டு வந்து, அவர் கொடுத்தவற்றையும் படித்துத்தான் இதை எழுதுகிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். படம் எடுத்த அன்றே அந்தக் கட்டி உள்ளே இருந்ததா, பிறகு வளர்ந்ததா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. படம் பார்த்து எழுதியவர் தம் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார். மறைக்கவில்லை, எழுதியிருக்கிறார். எழுதியது அக்காள் காதுக்கு வந்து சேரவில்லை என்பதே நம் வருத்தம். அந்த வரியை ஒருவர் எடுத்துச் சொல்லியிருந்தால், "நார்மல்" என்ற ஒற்றைச் சொல்லை நம்பி ஐந்து மாதம் காத்திருக்க மாட்டார்.

வெள்ளைக்குள் வெள்ளை

மார்பகத்தின் உள்ளே கொழுப்பும் இருக்கிறது, பால் சுரக்கும் சுரப்பிகளும் அவற்றைத் தாங்கும் நார்த்திசுவும் இருக்கின்றன. மெமோகிராம் என்பது மார்புக்கு எடுக்கும் எக்ஸ்ரே. அந்தப் படத்தில் கொழுப்பு கறுப்பாக விழும். சுரப்பியும் நாரும் வெள்ளையாக விழும். புற்றுநோய்க் கட்டியும் வெள்ளையாகவே விழும். சங்கடம் அங்கேதான் ஆரம்பம்.

கொழுப்பு அதிகமுள்ள மார்பில், கறுப்புப் பலகையில் சுண்ணாம்புப் பொட்டு வைத்ததுபோல் கட்டி பளிச்சென்று தெரியும். சுரப்பியும் நாரும் அதிகமுள்ள மார்பில் படமே வெள்ளையாக இருக்கும். வெள்ளை வேட்டியில் அதே சுண்ணாம்புப் பொட்டைத் தேடிப் பாருங்கள். உதிரிப்பழம் பொறுக்குகிறவர்களுக்கு இது நன்றாகவே புரியும். மரத்தைச் சுற்றிப் புல் செத்திச் சுத்தமாக வைத்திருந்தால் ஒரு பழம் விழுந்தாலும் கண்ணில் படும். புல் மண்டிக் கிடந்தால், பழம் இருந்தும் இல்லை என்று நினைத்து அடுத்த மரத்துக்குப் போய்விடுவோம்.

இப்படி வெள்ளை மிகுந்திருப்பதைத்தான் அடர்த்தியான மார்பு என்கிறார்கள். ஆங்கிலத்தில் 'டென்ஸ்', மலாயில் 'பாடாட்'.

இது நோயல்ல, குறையும் அல்ல. கையால் தொட்டுக் கெட்டியாக இருக்கிறது, தளர்ந்திருக்கிறது என்று சொல்வதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெரிய மார்பா, சிறிய மார்பா என்பதை வைத்தும் சொல்ல முடியாது. படம் எடுத்தால்தான் தெரியும். பொதுவாக இள வயதில் அடர்த்தி கூடுதலாக இருக்கும். வயது ஏற ஏற, மாதவிலக்கு நின்ற பிறகு, குறைந்துகொண்டே போகும். ஒல்லியான பெண்களிடம் கூடுதலாக இருக்கும். மாதவிலக்கு நின்ற பிறகு ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் கூடலாம். தாய் வழியாக வருவதும் உண்டு.

மலேசியப் பெண்களிடம் நடந்த ஆய்வுகளில் சீனப் பெண்களின் அடர்த்தி விகிதம் மலாய், இந்தியப் பெண்களைவிடக் கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. இதைக் கேட்டதும் "அப்ப நமக்கு இல்ல" என்று ஒருவர் சொன்னார். அது தவறு. அது ஆயிரம் பேரைக் கூட்டி வகுத்த கணக்கு. உங்கள் மார்பு எந்த வகை என்பதை உங்கள் படம்தான் சொல்லும். நம் அக்காளும் இந்தியப் பெண்தானே!

எழுத்து வேறு, எண் வேறு

படம் பார்க்கும் டாக்டர்கள் அடர்த்தியை நான்கு வகையாகப் பிரித்து ஏ, பி, சி, டி என்று எழுதுவார்கள். ஏ என்றால் பெரும்பாலும் கொழுப்பு. பி என்றால் அங்கங்கே சிதறிய அடர்த்தி. சி என்றால் பல இடங்களில் அடர்த்தி. டி என்றால் மிக மிக அடர்த்தி. அமெரிக்காவில் 10 பெண்களை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய ஒருவர் ஏ, நால்வர் பி, நால்வர் சி, ஒருவர் டி. சியும் டியும் சேர்ந்தவர்களைத்தான் 'டென்ஸ்' என்கிறார்கள். பாதிப் பேருக்கு இருக்கும் விஷயம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், இதில் திகிலடைய ஒன்றுமில்லை.

இந்த எழுத்தோடு ஓர் எண்ணும் காகிதத்தில் இருக்கும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எண் என்பது படத்தில் சந்தேகப்படும்படி ஏதாவது தெரிந்ததா என்பதைச் சொல்வது. 1 அல்லது 2 என்றால் சந்தேகம் ஒன்றும் தெரியவில்லை. 0 என்றால் "ஒன்றுமில்லை" என்று அர்த்தமல்ல. இந்தப் படம் போதாது, இன்னும் படம் எடுக்க வேண்டும் என்று அர்த்தம். பூஜ்யத்தைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தவர்கள் உண்டாம், டாக்டரம்மா சொன்னார். 4, 5 என்றால் உடனே சதை எடுத்துச் சோதிக்க வேண்டிய நிலை.

ஆக, எண் 1ஆக இருந்து எழுத்து டியாக இருக்கலாம். "ஒன்றும் தெரியவில்லை, ஆனால் மூடுபனி அதிகம்" என்பதுதான் அதன் பொருள். நம் அக்காளின் காகிதம் அப்படிப்பட்டதே.

அடர்த்தி கட்டியை மறைப்பதோடு நிற்பதில்லை. புற்றுநோய் வரும் வாய்ப்பையும் கொஞ்சம் கூட்டுகிறது. டி வகைப் பெண்களுக்கு ஏ வகைப் பெண்களைவிட 4 மடங்கு போல அபாயம் என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். சங்கத்தில் சம்பளக் கணக்கு போட்டுப் பழகிய நமக்கு இது கொஞ்சம் இடித்தது. மேலே கடைசியில் இருப்பவரையும் கீழே கடைசியில் இருப்பவரையும் மட்டும் எடுத்து ஒப்பிட்டால் எந்தக் கணக்கும் பெரிதாகத்தான் தெரியும். சராசரிப் பெண்ணோடு ஒப்பிட்டால் டி வகைக்கு ஏறக்குறைய 2 மடங்கு. சி வகைக்கு அதைவிடக் குறைவு. அடர்த்தியான மார்பு உள்ள பெண்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வராது.

சண்டை போட்டு வாங்கிய கடிதம்

இந்த வரியைப் பெண்ணிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று போராடியவர் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த நேன்சி கப்பெல்லோ என்ற அம்மையார். கல்வித் துறையில் வேலை பார்த்தவர். நாற்பது வயதிலிருந்து ஆண்டு தவறாமல் மெமோகிராம் எடுத்து, 11 முறை நல்ல பதில் வாங்கியவர். கடைசி நல்ல பதில் வந்து சில வாரங்களுக்குள் டாக்டர் கையால் சோதித்தபோது ஒரு தடிப்பு தெரிந்திருக்கிறது. மறுபடி எடுத்த மெமோகிராமிலும் ஒன்றும் தெரியவில்லை. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பெரிய கட்டி தெரிந்தது. 2004ல் மூன்றாம் கட்டம் என்று முடிவானது. 13 நிணநீர்க் கட்டிகளுக்கும் பரவியிருந்தது.

தமக்கு அடர்த்தியான மார்பு என்பது காகிதங்களில் இருந்தும் தமக்கு யாரும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. நோயோடு படுத்துவிடவில்லை அந்த அம்மையார். மாநிலச் சட்டமன்றத்துக்கு நடையாய் நடந்தார். 2009ல் கனெக்டிகட்டில் சட்டம் வந்தது. மெமோகிராம் எடுத்த பெண்ணுக்கு அவருடைய மார்பின் அடர்த்தியைத் தெரிவிக்க வேண்டும் என்ற முதல் மாநிலச் சட்டம் அது. பிறகு 30க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதே வழியில் வந்தன. 2018ல் அவர் காலமானார். 2024 செப்டம்பர் 10 முதல் அமெரிக்கா முழுவதும் மெமோகிராம் எடுக்கும் எல்லா நிலையங்களும் பெண்ணுக்கு அனுப்பும் கடிதத்தில் அடர்த்தியா இல்லையா என்று எளிய மொழியில் எழுதியாக வேண்டும்.

நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. படம் பார்க்கும் டாக்டர் தம் அறிக்கையில் எழுதுகிறார். அதற்குமேல் யார் சொல்வது என்பது அந்தந்த இடத்தைப் பொறுத்தது. ஒரு நல்ல தாதி வாய்த்தால் சொல்வார். கவுண்டரில் கூட்டம் இருந்தால் "நார்மல்" என்று காகிதத்தை நீட்டுவார்கள்.

சொல்வதா, வேண்டாமா?

சொல்லக் கூடாது என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் படித்த, நல்ல மனிதர்களே. "அடர்த்தி என்று சொல்லிவிட்டால் பெண் பயந்துபோவாள். அடுத்து என்ன செய்வது என்பதற்கு எல்லா இடத்திலும் வழி இல்லை. பிறகு சொல்லி என்ன பயன்?" என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அடர்த்தி உள்ள எல்லாருக்கும் கூடுதல் சோதனை செய்யலாமா என்று முடிவு சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றே அமெரிக்காவின் தடுப்புச் சேவை நிபுணர் குழு 2024ல் சொன்னது.

கூடுதல் சோதனையில் பலன் உண்டு, தொல்லையும் உண்டு. நெதர்லாந்து நாட்டில் 50 முதல் 75 வயது வரையுள்ள டி வகைப் பெண்கள் சுமார் 40,000 பேரிடம் நடந்த ஆய்வு 2019ல் வெளிவந்தது. எம்.ஆர்.ஐ. சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில், ஒரு பரிசோதனைக்கும் அடுத்த பரிசோதனைக்கும் இடையே தலைகாட்டிய புற்றுநோய் 1,000 பேருக்கு 2.5. அழைக்கப்படாதவர்களில் 5. பாதியாகக் குறைந்திருக்கிறது. ஆனால் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்ட 1,000 பேரில் ஏறக்குறைய 80 பேர், புற்றுநோய் இல்லாமலே, சந்தேகத்தின் பேரில் அலையவேண்டி வந்தது.

ஜப்பானில் 40 முதல் 49 வயதுப் பெண்கள் சுமார் 73,000 பேரிடம் அல்ட்ராசவுண்டைச் சேர்த்துப் பார்த்தார்கள். 2016ல் வந்த முடிவின்படி, இருந்த புற்றுநோய்களில் மெமோகிராம் மட்டும் 100க்கு 77ஐப் பிடித்தது. ஸ்கேனும் சேர்ந்தபோது 91. வீண் சந்தேகமும் அங்கே கூடத்தான் செய்தது. எம்.ஆர்.ஐ. நம் பக்கத்துச் சின்ன டவுன்களில் கிடைக்காது, செலவும் அதிகம். அல்ட்ராசவுண்ட் அப்படியல்ல. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது.

இதையெல்லாம் கேட்ட பிறகும் நம் கட்சி சொல்ல வேண்டும் என்பதுதான். மருந்து தெளிக்கும் பெண்களுக்கு டின்னில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையைப் படித்துச் சொல்ல வேண்டாம், பயந்து வேலைக்கு வரமாட்டார்கள் என்று பேசிய காலம் தோட்டங்களில் இருந்தது. பாராகுவாட் மருந்து 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து இந்த நாட்டில் தடை செய்யப்பட்டது. அதற்கு முன் எத்தனை ஆண்டு அதை முதுகில் சுமந்தார்கள்! பயப்படுவார்கள் என்று சொல்லி உழைக்கும் பெண்ணிடம் விஷயத்தை மறைப்பது நமக்குப் பழைய பாட்டு. பயந்தால் தைரியம் சொல்லலாம். தெரியாமலே இருந்துவிட்டால் என்ன செய்ய முடியும்?

தவிரவும், சொல்வதன் முதல் பயன் எம்.ஆர்.ஐ. அல்ல. "காகிதம் நல்லபடியாக வந்தாலும் உடம்பில் மாற்றம் தெரிந்தால் காத்திருக்காதே" என்ற ஒரு வார்த்தை. அதற்குக் காசு செலவில்லை.

கேட்க வேண்டிய கேள்வி

மெமோகிராம் எடுத்த ஒவ்வொரு பெண்ணும் காகிதம் வாங்கும்போது ஒரு கேள்வி கேட்க வேண்டும். தாதி மலாய்ப் பெண்ணாக இருந்தால், "திசு பாயுடாரா சாயா பாடாட் கெ?" என்று கேளுங்கள். என் மார்புத் திசு அடர்த்தியா என்பது அதன் பொருள். தெரியாது என்றால் டாக்டரைக் கேட்டுச் சொல்லும்படி மரியாதையாகச் சொல்லுங்கள். படித்த பிள்ளைகள் கூடப் போனால் காகிதத்தில் 'டென்ஸ்' என்ற சொல்லைத் தேடச் சொல்லுங்கள். பழைய காகிதம் வீட்டில் இருந்தால் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

அடர்த்தி என்று இருந்தால் அதைக் கிளினிக்கில் காட்டி, தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ மகளுக்கோ மார்புப் புற்றுநோய் வந்ததுண்டா, முன்பு மார்பில் கட்டி எடுத்ததுண்டா, ஹார்மோன் மாத்திரை உண்டா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்கேன் வேண்டுமா என்பதை டாக்டர் அதை வைத்துத்தான் தீர்மானிப்பார். "டென்ஸ்னு வந்திருச்சு, இனிமே மெமோகிராம் வீண்" என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். மணல் துகள்போலச் சுண்ணாம்புப் புள்ளிகளாகத் தெரியும் சில ஆரம்பப் புற்றுநோயை மெமோகிராம்தான் நன்றாகக் காட்டும். மார்புப் புற்றுநோய்ச் சாவைக் குறைப்பதாக நெடுங்கால ஆய்வுகளில் நிரூபணமானதும் அதுவே.

மார்பிலோ கக்கத்திலோ கட்டி, தோலில் குழி, ஆரஞ்சுத் தோல் போன்ற தடிப்பு, காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, ஒரு பக்கக் காம்பில் இரத்தம் கசிவது, இவற்றில் எதைக் கண்டாலும் கிளினிக்குக்குப் போய்விட வேண்டும். முந்தைய மாதம்தான் நல்ல பதில் வந்தது என்றாலும் போக வேண்டும். வலி இல்லையே என்று ஆறுதல் அடைய வேண்டாம், பெரும்பாலும் வலி இருக்காது. ஊசி போட்டுச் சதை எடுத்தால் நோய் பரவிவிடும் என்று லயத்தில் ஒரு பேச்சு சுற்றுகிறது. அது பொய்.

படம் எடுக்கப் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. இரண்டு தகடுகளுக்கு நடுவில் மார்பை அமுக்கி, பக்கத்துக்கு இரண்டாக நான்கு படம் எடுப்பார்கள். அமுக்கும் சில விநாடி வலிக்கும், அவ்வளவுதான். மாதவிலக்கு முடிந்த வாரத்தில் போனால் வலி குறைவு. அன்று பவுடர் போடாதீர்கள். நம் பெண்களுக்கு ஊருக்குப் போவதென்றால் கழுத்து, கக்கம் எல்லாம் பவுடர் அப்பிக்கொள்ளாமல் முடியாது. அந்தப் பவுடர் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழுந்து டாக்டரைக் குழப்பும்.

செலவு யார் தலையில்?

சிங்கப்பூரில் 2002லேயே நாடு தழுவிய மார்புப் பரிசோதனைத் திட்டம் தொடங்கி, 50 வயதிலிருந்து 69 வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை வரச்சொல்லிக் கூப்பிடுகிறார்கள். மலேசியாவில் வீடு தேடிக் கடிதம் அனுப்பி எல்லாப் பெண்களையும் அழைக்கும் திட்டம் இல்லை. நாமாகத் தேடிப் போக வேண்டும். அதன் பலனைப் பதிவேட்டில் பார்க்கலாம். 2012 முதல் 2016 வரை மலேசியாவில் மார்புப் புற்றுநோய் கண்டறியப்பட்ட பெண்களில் 100க்கு ஏறக்குறைய 48 பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில் வந்தவர்கள்.

2013ல் சொக்சோ தொடங்கிய உடல் பரிசோதனைத் திட்டத்தில் 40 வயதான சந்தாதாரர்களுக்குச் சீட்டு கொடுத்தார்கள். பெண்களுக்கு மெமோகிராமுக்கும் சேர்த்து. எத்தனையோ பேரின் சீட்டு பெட்டிக்குள்ளேயே செத்துப்போனது. உங்கள் பெயருக்குச் சீட்டு உண்டா என்று சொக்சோ அலுவலகத்தில் அடையாள அட்டையைக் காட்டிக் கேளுங்கள். 2019ல் வந்த பெக்கா பி40 திட்டத்தில், குறைந்த வருமானக்காரர் அரசாங்க ஆஸ்பத்திரியில் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றால் போக்குவரத்துச் செலவுக்கு உதவி, சிகிச்சையை முடித்தால் 1,000 வெள்ளி என்று ஏற்பாடு செய்தார்கள். நம் அக்காளுக்கு இது தெரியாமலே மூன்று முறை கார் வாடகை கொடுத்திருக்கிறார். கிளினிக்கில் விசாரியுங்கள்.

ஆனால் சீட்டு இலவசம் என்றாலும் நாள் இலவசம் அல்ல. 2025ல் 1,700 வெள்ளியான குறைந்தபட்சச் சம்பளத்தை 26 நாளால் வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். படம் எடுக்க ஒரு நாள், காகிதம் வாங்க ஒரு நாள், டாக்டரிடம் கேட்க ஒரு நாள். நோய் வந்தால் மருத்துவ விடுப்பு உண்டு. நோய் இருக்கிறதா என்று பார்க்கப் போனால் பெரட்டில் பெயர் விடுபடும், சம்பளம் போகும். 40 வயது தாண்டிய பெண்ணுக்கு இந்தப் பரிசோதனைக்காகச் சம்பளத்தோடு விடுப்பு தரவேண்டும் என்பதை அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் வைக்கும்படி நம் கிளைகள் தீர்மானம் போட வேண்டும். பரிசோதனை நிலையங்கள் அடர்த்தியைப் பெண்ணுக்குப் புரியும் மொழியில் வாயால் சொல்லவும் எழுதித் தரவும் வேண்டும் என்று சுகாதார அமைச்சுக்கு எழுதுவதற்கும் சேர்த்துப் போடலாம். கிராணி அலுவலகத்தில் யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

அந்தக் காகிதத்தை நகல் எடுத்துக்கொள்ள அக்காளிடம் அனுமதி கேட்டோம். "பேர மட்டும் மறச்சிட்டு எல்லாருக்கும் காட்டுங்க தம்பி. இந்த ஒரு வரிய மட்டும் கோடு போட்டுக் காட்டுங்க" என்றார்.

இந்த மாதக் கடைசியில் அதே லயத்திலிருந்து ஆறு பெண்கள் வேன் பேசி டவுனுக்குப் படம் எடுக்கப் போகிறார்கள். வாடகையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அக்காளின் மகளும் கூடப் போகிறாள். காகிதம் வந்த அன்று எல்லாருடையதையும் அவள்தான் படித்துச் சொல்ல வேண்டும் என்று பேச்சு.